சாய்ந்த சதுரம்

காலையிலிருந்தே கணக்கு டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கொடியில் துணி எடுக்கப் போனாள். பாதித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பால் பொங்கிவிடுமே என்று ஓடி வந்தாள். பால் தேமே என்று இருந்தது. அடுப்பையே பற்றவைக்கவில்லை.

சாப்பாட்டு மேசை மேல் பெட்டி வாயைத் திறந்து கிடந்தது. ஒரே ஒரு பெட்டி. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடமாடக் கற்றுக்கொண்டு இரண்டு நாளாகிறது. சின்ன வீட்டில் மேசையைப் பார்க்காமல் நடப்பது சுலபமில்லை, இடுப்பில் இடித்துக்கொண்டாள்.

"என் சாக்ஸ் எங்கயாவது பார்த்தியா?" குளித்துவிட்டு வந்த கணவன் கேட்டான்.

"பெட்டிக்குள்ள இருக்கும். எல்லாம் அதுக்குள்ளதானே போயிருக்கு."

அவன் பெட்டிப் பக்கம் போனான். குனிந்து தேடினான். சாக்ஸ் பெட்டிக்குள்தான் இருந்தது. அவளுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

"சாயங்காலம் கடையிலேருந்து நேரா ஸ்டேஷன் போயிடுவேன். பெட்டியை இப்பவே எடுத்துட்டுப் போறேன்."

"சரி."

"அஞ்சு மணி வண்டி. நீ..." என்று ஆரம்பித்தான்.

"எனக்கு இன்னைக்குத் தேற்றம் இருக்கு" என்று அவள் வெடுக்கென்று சொன்னாள்.

ஏதோ ஜுரம் இருக்கிறது, தலைவலி இருக்கிறது என்பதுபோலத் தேற்றம் இருக்கிறது என்று சொன்னது வேறு நாளாக இருந்தால் இருவரையுமே சிரிக்க வைத்திருக்கும். இன்று அவன் தலையை மட்டும் ஆட்டினான். "தேற்றமா. சரி சரி" என்றான்.

அவன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவன். வேலையில் கெட்டிக்காரன். போன மாதம் வேறொரு நகரத்திலிருக்கும் பெரிய கண் ஆஸ்பத்திரியில் லென்ஸ் பிரிவை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம். அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னான். அவளும் தட்டைப் பார்த்தபடியே "நல்லது" என்றாள். அவன் "ம்" என்றான். அவ்வளவுதான். நீயும் வா என்று அவன் கேட்கவில்லை. நானும் வரட்டுமா என்று அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அந்த வீட்டில் யாரும் உட்காராத நாற்காலி மாதிரி ஆகிவிட்டது. இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கேட்கவில்லையே தவிர, அவளுக்குப் பதில் தெரியும். கணக்கு படித்தவள், ஒன்றொன்றாக எடுத்து அடுக்கி வைத்திருந்தாள். ஒரு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயைப் போன வாரம் சரிசெய்தான். வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டான். மாடிப்படி விளக்கை மாற்றினான். எதற்கு? அவள் தனியாக இருக்கப் போகிறாள் என்பதற்கு. அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்த அறையோ ஒரு ஆள் புரண்டு படுக்க மட்டும் இடமுள்ளது. ஃபோனில் படத்தைக் காட்டியபோது, "எனக்கு இது போதும்" என்றான்.

எல்லாவற்றையும்விட இந்தக் கண்ணாடி. அவளுடைய மூக்குக்கண்ணாடியின் இடது காதுத் தண்டில் திருகு கழன்று, மூன்று வாரமாக மூக்கிலிருந்து வழுக்கி வழுக்கி விழுகிறது. தெருவில் போகிறவர்களின் கண்ணாடி கோணலாக இருந்தால்கூட நிறுத்தி நேராக்கிவிட்டுப் போகிற மனுஷன். அப்படித்தான் முதன்முதலில் அவளிடமே பேச்சுக் கொடுத்தான். அப்படிப்பட்டவன் எதிரே உட்கார்ந்து மூன்று வாரம் சாப்பிட்டும் இந்தத் திருகைப் பார்க்கவில்லையென்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அவன் தனியாகப் போகத்தான் ஆசைப்படுகிறான். நிரூபித்தாகிவிட்டது. அவள் ஸ்டேஷனுக்குப் போகப் போவதில்லை. கேட்காமலே அவன் அந்த ரயிலில் ஏறினால் ஆறு வருஷக் கல்யாணமும் அதோடு ஏறிப் போனதாகத்தான் அர்த்தம் என்று முடிவு செய்துவிட்டாள்.

படியிறங்கும்போது கீழ் வீட்டிலிருந்து நாத்தனார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வழிமறித்தாள்.

"என்ன அண்ணி, மேல ஒரு மாசமா ஊமைப் படம் ஓடுது? வசனமே காணோம்."

"நேரமாச்சு, விடு."

"அண்ணன்கிட்ட கேட்டா 'அவளைக் கேளு'ங்கறான். உங்களைக் கேட்டா 'உங்க அண்ணனைக் கேளு'ங்கறீங்க. நான் என்ன தபால்காரியா, மேலயும் கீழயும் ஓட? அதுக்குச் சம்பளமும் கிடையாது."

"உங்க அண்ணன் கேக்காததுக்கு நான் எப்படிப் பதில் சொல்றது?"

"அவன் எப்பங்க வாயைத் திறந்து கேட்டிருக்கான்? சின்ன வயசுல பசிச்சாக்கூடச் சொல்ல மாட்டான், சமையலறை வாசல்ல வந்து நிப்பான். நாமளாப் பார்த்துப் போட்டாத்தான் உண்டு." குழந்தை டீச்சரின் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. "ஐயய்யோ, இது என்ன இப்படி ஆடுது? வீட்டுக்குள்ளயே கண்ணாடிக்காரனை வச்சுக்கிட்டு!"

டீச்சர் வெடுக்கென்று கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு நடந்தாள். பின்னாலிருந்து குழந்தை அழுதது.

பள்ளிக்கூடத்தில் அன்றைக்கென்று எல்லாம் தலைகீழ். ஒன்பதாம் வகுப்பு அறையில் கூரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் இரண்டு பிரிவையும் ஓவிய வகுப்பு நடக்கிற கூடத்தில் ஒன்றாக அடைத்திருந்தார்கள். துளைபோடும் இயந்திரம் சுவருக்கு அந்தப் பக்கம் கர்ரென்று கத்தியது, நின்றது, எல்லோருக்கும் மூச்சு வந்ததும் மறுபடி கத்தியது. ஜன்னல் கொக்கி உடைந்து, காற்றடிக்கும்போதெல்லாம் கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டது. பையைத் திறந்த பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. மூன்று நாள் முன்பே உட்கார்ந்து அட்டையில் வெட்டி வைத்த மஞ்சள் முக்கோணங்களைக் காணோம். சாப்பாட்டு மேசை மேல் வைத்தாள். அதற்கு மேல் பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. பெட்டியைப் பார்க்கக்கூடாது என்ற வைராக்கியத்தில் அட்டையையும் மறந்துவிட்டாள்.

"மிஸ், இன்னைக்கு வெட்டி ஒட்டறது இருக்குன்னு சொன்னீங்களே?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. துளை இயந்திரத்தையும் தாண்டிக் கேட்கிற குரல் அந்த வகுப்பில் ஒருவனுக்குத்தான் உண்டு. அவனை எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"முதல்ல கதை. அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

கதை சொல்லும்போது அவளுக்கு எப்போதும் கொஞ்சம் மூச்சு வரும். பலகையில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தாள். மூன்று பக்கத்தின் மேலும் ஒவ்வொரு சதுரம் நிற்க வைத்தாள். சின்னச் சதுரம் இரண்டின் பரப்பையும் கூட்டினால், செங்கோணத்துக்கு எதிரே இருக்கிற நீளமான பக்கத்தின், அதாவது கர்ணத்தின், மேல் நிற்கிற பெரிய சதுரத்தின் பரப்பு வரும். பிதாகரஸ் தேற்றம்.

"இதை அவர்தான் கண்டுபிடிச்சாரா மிஸ்?"

"அதுதான் வேடிக்கை. அவர் பிறக்கறதுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேலயே, ரெண்டு ஆத்துக்கு நடுவுல இருந்த ஒரு நாட்டுல, ஈரக் களிமண் பலகையில ஆணி மாதிரி எழுத்தால இந்த மாதிரி எண்களைக் கீறி வச்சிருக்காங்க. வேற ஒரு நாட்டுல செங்கல்லால மேடை கட்டறவங்க கயிறு பிடிச்சு அளக்கறதுக்கு இதையே விதியாச் சொல்லி வச்சிருந்தாங்க. இன்னொரு நாட்டுப் பழைய புத்தகத்துல படமாவே இருக்கு. பிதாகரஸ் எழுதினதுன்னு ஒரு வரிகூட நம்ம கைக்கு வரலை. அவர் இதை நிரூபிச்சாரான்னே யாருக்கும் உறுதியாத் தெரியாது."

"அப்ப பேர் மட்டும் எப்படி அவருக்கு?" மைக் கொதித்தான். "குரூப் ப்ராஜெக்ட் மாதிரி இருக்கு மிஸ். வேலை நாங்க செய்வோம், லீடர் பேர் அட்டையில வரும்."

கூடம் சிரித்தது. லீடர் பெண் திரும்பி முறைத்தாள்.

"ஒண்ணு உண்மைன்னு தெரிஞ்சுக்கறது வேற. அது உண்மையா இருந்தே தீரணும்னு காட்டறது வேற. எத்தனை முக்கோணத்தை அளந்து பார்த்தாலும் அடுத்தது எப்படியிருக்கும்னு சொல்ல முடியாது. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில காட்டணும். அதுக்குப் பேர்தான் நிரூபணம்."

சொல்லிக்கொண்டே மேசை இழுப்பறையைப் பார்த்தாள். ஃபோன் உள்ளே இருந்தது. அதிர்ந்ததா? இல்லை, துளை இயந்திரம். கண்ணாடி வழுக்கியது, சாக்பீஸ் கையாலேயே ஏற்றிவிட்டாள். மூக்கில் வெள்ளை ஒட்டிக்கொண்டது. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

அட்டை இல்லை. நேரமும் இல்லை. சீக்கிரம் முடிக்கிற வழி ஒன்று கைக்கு வந்தது. போன மாதம் வரைபடத்தாளில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்கிற சூத்திரம் நடத்தியிருந்தாள். முக்கோணத்தைத் தூக்கி வரைபடத்தில் வைத்தாள். செங்கோண முனை பூச்சியத்தில், ஒரு பக்கம் படுக்கையாக, ஒரு பக்கம் செங்குத்தாக. கர்ணத்தின் இரண்டு முனைக்கும் நடுவே தூரச் சூத்திரத்தைப் போட்டாள். மூன்றே வரி. கடைசியில் வர்க்கமும் வர்க்கமும் கூடிக் கர்ணத்தின் வர்க்கம் அழகாக வந்து நின்றது.

"ஆச்சு. நிரூபிக்கப்பட்டது" என்று அடியில் கோடு போட்டாள். எல்லோரும் மளமளவென்று எழுதிக்கொண்டார்கள்.

முன்வரிசையில் ஒரு பேனா மட்டும் எழுதவில்லை. அந்தப் பெண் எதற்கும் 'ஏன்' கேட்பாள் என்பதால் அவளுக்கு ஏன்ராணி என்று பட்டம். எழுந்து நின்றாள்.

"மிஸ், அந்தத் தூரச் சூத்திரம் எங்கேருந்து வந்தது?"

"போன மாசம் நடத்தினேனே."

"நடத்தினீங்க. அன்னைக்கும் ஏன்னு கேட்டேன். 'இதுக்குக் காரணம் அடுத்த மாசம் ஒரு தேற்றம் வரும், அதுலேருந்து வந்தது, அப்ப சொல்றேன்'னு சொன்னீங்க." அவள் பலகையைக் காட்டினாள். "இதுதானே மிஸ் அந்தத் தேற்றம்?"

துளை இயந்திரம் சரியாக அந்த நேரம் பார்த்து நின்றது.

டீச்சருக்குக் காதுமடல் சூடேறியது. எட்டு வருஷமாகக் கணக்கு நடத்துகிறவள். படிக்கிற காலத்தில் இந்தத் தப்பைச் செய்தவர்களைப் பார்த்துச் சிரித்தவள். தேற்றத்திலிருந்து பிறந்த சூத்திரத்தை எடுத்து, அதே தேற்றத்தை நிரூபித்திருக்கிறாள். நிரூபிக்க வேண்டியதையே முதல் வரியில் மடியில் கட்டிக்கொண்டு வந்து, கடைசி வரியில் இதோ பார் என்று எடுத்துக் காட்டியிருக்கிறாள்.

ஒரு கணம் சமாளித்துவிடலாமா என்று தோன்றியது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

"இது நிரூபணம் இல்லை" என்று சொல்லிக் குறுக்கே பெரிதாக ஒரு கோடு போட்டாள். "நான் தப்பு பண்ணிட்டேன். எல்லாரும் அடிச்சிடுங்க."

கூடத்தில் ஒரே சலசலப்பு. மைக்குக்குத்தான் தாங்கவில்லை. "எதுக்கு மிஸ் அடிக்கணும்? முடிவு சரிதானே வந்திருக்கு?"

"முடிவு சரியா இருக்கலாம். ஆனா அதை நான் காட்டலையே."

"சரியா இருந்தாப் போதாதா?"

ஏன்ராணி அவன் பக்கம் திரும்பினாள். "டேய், என் காம்பஸ் போன வாரம் காணாமப் போச்சுல்ல? நீதான் எடுத்தேன்னு நான் முடிவு பண்ணிட்டேன்னு வச்சுக்கோ."

"நான் எடுக்கலை!"

"பாரு, கத்தறே. திருடன்தான் கத்துவான். கத்தாம இருந்திருந்தா, மாட்டிக்கிட்டோம்னு அமைதியா இருக்கான்னு சொல்வேன். நீ பாக்கெட்ல கை விட்டா ஒளிக்கறே. விடாட்டி ஏற்கெனவே ஒளிச்சாச்சு. நீ வந்து எனக்குப் பேனா குடுத்தாக்கூட, பண்ணின தப்புக்குப் பரிகாரம் பண்றான்னு சொல்வேன். எல்லாமே எனக்குச் சாட்சிதான். ஏன்னா முடிவை முதல்லயே வச்சுக்கிட்டேன்."

"உன் காம்பஸ் உன் டிபன் பைக்குள்ளயே கிடக்கும், போய்ப் பாரு" என்று மைக் முணுமுணுத்தான். அவன் முணுமுணுத்தது ஆபீஸ் அறை வரை கேட்டிருக்கும்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். குழாயைச் சரிசெய்தான், ஏனென்றால் விட்டுவிட்டுப் போகிறான். சரிசெய்யாமல் போயிருந்தால்? விட்டுவிட்டுப் போகிறவனுக்கு எப்படிப் போனால் என்ன என்றிருப்பாள். சின்ன அறை பார்த்தான், தனியாக இருக்க. பெரிய வீடு பார்த்திருந்தால்? என்னைக் கேட்காமலே பார்த்துவிட்டான், நான் ஒரு பொருட்டா என்றிருப்பாள். பூட்டு பூட்டுதான். விளக்கு விளக்குதான். அவை எதுவும் பொய் இல்லை. ஆனால் அவை தாமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வைத்தது அவள்.

ஜன்னல் கதவு படாரென்று அடித்தது.

"மிஸ்?" என்றாள் ஏன்ராணி.

"நோட்டுல பின்பக்கத் தாளைக் கிழிங்க" என்றாள் டீச்சர் திடீரென்று. "ஒரே அளவுல நாலு செங்கோண முக்கோணம் வெட்டணும். கத்தரி இல்லாதவங்க ஸ்கேலை வச்சுக் கிழிங்க. சீக்கிரம்."

கூடம் கிழிபடும் சத்தத்தால் நிறைந்தது. துளை இயந்திரம்கூடத் தோற்றுவிட்டது. பலகையில் ஒரு பெரிய சதுரம் போட்டாள். அதன் ஒவ்வொரு பக்கமும், முக்கோணத்தின் சின்னப் பக்கம் இரண்டையும் வாலும் தலையுமாகச் சேர்த்த நீளம். அதற்குள் நாலு மூலையிலும் நாலு முக்கோணங்களை வைக்கச் சொன்னாள். நடுவில் ஓர் ஓட்டை விழுந்தது. சாய்ந்த சதுரமாக ஓர் ஓட்டை. அதன் நாலு பக்கமும் கர்ணம். அப்புறம் அதே நாலு முக்கோணங்களை நகர்த்தி, இரண்டு இரண்டாகச் சேர்த்து, எதிரெதிர் மூலையில் இரண்டு நீள்சதுரமாக ஒதுக்கச் சொன்னாள். இப்போது மிச்சமிருந்தது இரண்டு சதுரங்கள். ஒன்று சின்னப் பக்கத்தின் மேல், ஒன்று அடுத்த பக்கத்தின் மேல்.

"வெளிச் சதுரம் மாறலை. முக்கோணம் நாலும் மாறலை. அப்ப மிச்ச இடம்?"

"அதுவும் மாறலை!" என்று மைக் அலறினான். பக்கத்தில் இருந்தவன் காதைப் பொத்திக்கொண்டான்.

"அந்தச் சாய்ஞ்ச ஓட்டை சதுரம்தான்னு எப்படித் தெரியும் மிஸ்?" ஏன்ராணி விடவில்லை. "பார்த்தா சதுரம் மாதிரி இருக்கு. நாலு பக்கமும் சமம். ஆனா மூலை நசுங்கி இருந்தா?"

"நல்ல கேள்வி. பார்த்தா அப்படி இருக்கறதை நம்பாதீங்க. அங்க இருக்கற கோணங்களையே கேளுங்க."

அவர்கள் கேட்டார்கள். பெரிய சதுரத்தின் பக்கம் ஒரு நேர்கோடு. அதன் மேல் ஒரு புள்ளியில் மூன்று கோணங்கள் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு பக்கமும் முக்கோணத்தின் சின்னக் கோணங்கள். இரண்டும் சேர்ந்தால் ஒரு செங்கோணம். நேர்கோட்டில் அது போக மிச்சம் இன்னொரு செங்கோணம். மைக்தான் கண்டுபிடித்தான். கண்டுபிடித்த அதிர்ச்சியில் முதல் தடவையாக மெதுவாகச் சொன்னான்.

டீச்சர் அவனைப் பாராட்டினாள். பாராட்டிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்கு ஓடினாள். வேதியியல் டீச்சர் பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் கடைசி பீரியடைக் கொஞ்சம் பார்த்துக்குங்களேன். ஒருத்தரைப் போய் ஒண்ணு கேக்கணும்."

"ஃபோன்ல கேளேன்."

"ஃபோன்ல கேட்டா 'ம்'னு சொல்லிடுவார்."

வேதியியல் டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தாள். மூக்கில் இன்னும் சாக்பீஸ் இருந்தது. "போ, போ. உன் பசங்களையும் என் பசங்களோட சேர்த்து அடுப்புல ஏத்திடறேன்" என்று சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

பஸ்ஸுக்கு நின்றாள், வரவில்லை. நடந்தாள். நடக்கத் தொடங்கியதும் பஸ் அவளைத் தாண்டிப் போனது. சிக்னலில் மாட்டிக்கொண்டாள். பாதி வழியில், நான் எதற்கு முதலில் கேட்க வேண்டும் என்று ஒரு கோபம் வந்தது. திரும்பிவிடலாமா என்றுகூட நின்றாள். பழக்கடைக்காரர், "என்ன வேணும்மா?" என்று கேட்டார். அதுதான் தெரியவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. மறுபடி நடந்தாள்.

கண்ணாடிக் கடையின் பின்பக்கம் அவனுடைய பட்டறை. ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் கால் வெளியே வந்துவிடும். லென்ஸ் அரைக்கிற சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டூலுக்குக் கீழே பெட்டி. வேலை மேசையில், லென்ஸ் வைக்கிற தட்டுக்குள், மஞ்சள் அட்டை முக்கோணங்கள்.

அவளைப் பார்த்ததும் அவன் எழுந்தான். சக்கரத்தை நிறுத்த மறந்துவிட்டான்.

"ஸ்கூல் இல்லையா?"

"இது எப்படி இங்க வந்தது?"

"பெட்டியைத் தூக்கினா கீழே இருந்துச்சு. இன்னைக்குத் தேற்றம்னியே, வேணுமேன்னு எடுத்துட்டு வந்தேன்."

"ஸ்கூலுக்கா?"

"கேட் வரைக்கும்." அவன் கையிலிருந்த லென்ஸைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். சங்கடம் வந்தால் எதையாவது துடைப்பான். "அப்புறம் நீ என்ன நினைப்பியோன்னு திரும்பிட்டேன். இங்க டீ குடிக்கும்போது அடுக்கிப் பார்த்தேன். எப்படி வச்சாலும் நடுவுல ஓட்டை விழுது."

"அந்த ஓட்டைதான் விஷயமே" என்றாள். சொல்லிவிட்டு அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணாடி வழுக்கியது. ஏற்றிவிட்டாள்.

அவன் கையை நீட்டினான். "கழட்டு."

"இப்பதான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"மூணு வாரமாத் தெரியுது. நீயாக் கழட்டிக் குடுப்பேன்னு இருந்தேன். எப்பவும் குடுப்பியே. குடுக்கலை. சரி, என் கை படக்கூடாதுன்னு நீ இருக்கேன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். எதிரே இன்னொரு பலகையில், இன்னொருவரும் அதே தப்பான நிரூபணத்தை வரிவரியாக எழுதி வைத்திருக்கிறார்.

கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். உடனே அறை கரைந்துபோனது. கண்ணாடி இல்லாவிட்டால் ஒரு கை தூரத்தில் அவளுக்கு எல்லாமே நீர்க்கோலம்தான். அவன் முகம் வெளிறிய ஒரு வட்டமாக இருந்தது. சிரிக்கிறானா, சுளிக்கிறானா, தெரியாது. புருவத்தைப் பார்த்து, உதட்டைப் பார்த்து, அவன் வாய் திறப்பதற்கு முன்பே முடிவுக்கு வருகிற பழக்கம் இன்று செல்லாது. அதுவே கொஞ்சம் தைரியமாக இருந்தது.

"சக்கரத்தை நிறுத்துங்க. ஒண்ணு கேக்கணும்."

நிறுத்தினான். அறை திடீரென்று பெரிதானது.

"நான் உங்ககூட வரணும்னு உங்களுக்கு இருக்கா? இல்லையா? எனக்குப் பதில் தெரியாது. தெரியும்னு ஒரு மாசமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். தெரியாது. அதனாலதான் கேக்கறேன்."

வெளிறிய வட்டம் மேசைப் பக்கம் குனிந்தது. திருகைத் தேடி டப்பாவைக் கிண்டும் சத்தம் கேட்டது.

"பொய் சொல்ல விரும்பலை" என்றான் கடைசியில். "முதல்ல ஒரு வாரம், தனியாப் போனா கொஞ்சம் நிம்மதியா இருக்கும்னு தோணிச்சு. நீ 'நல்லது'ன்னு சொன்ன கோபம்."

வலித்தது. எதிர்பார்த்து வந்த அடிதான், ஆனாலும் வலித்தது. அப்படியானால் அவளுடைய முடிவு முழுக்கத் தப்பில்லை. வாசல் பக்கம் திரும்பிவிட அவள் கால் பரபரத்தது. காலைத் தரையில் அழுத்திக்கொண்டாள்.

"அப்புறம்?"

"அப்புறம் அந்த ரூமைப் பார்க்கப் போனேன். ஜன்னல் பக்கத்துல ஒரு மேசை, முழங்கை அகலம்கூட இருக்காது. உன் பரீட்சைப் பேப்பர் கட்டை எங்க வைப்பேன்னு யோசிச்சேன். நீதான் வரப்போறதில்லையேன்னும் யோசிச்சேன். ரெண்டையும் ஒரே நேரத்துல யோசிச்சா என்ன பண்றது? எனக்கு இது போதும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"வரமாட்டேன்னு யார் சொன்னா?"

"அந்த ஸ்கூல்னா உனக்கு உசுரு. வாடி, எல்லாத்தையும் விட்டுட்டுன்னு நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது? கேட்டு நீ மாட்டேன்னு சொல்லிட்டா?"

"அதுக்காகக் குழாயை ரிப்பேர் பண்ணினீங்களா?"

"ராத்திரி அது சொட்டினா உனக்குத் தூக்கம் வராதே. எழுப்பறதுக்கு நான் இருக்க மாட்டேன்ல, யாரை எழுப்புவே?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். அவன் இன்னும் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"என்ன தேடறீங்க?"

"திருகு. கையிலதான் வச்சிருந்தேன். நழுவி எங்கயோ விழுந்துடுச்சு." அவன் கலங்கியிருப்பது குரலிலேயே தெரிந்தது, முகம் பார்க்கத் தேவையிருக்கவில்லை. "வரணும்னு இருக்கு. ரொம்ப இருக்கு. இப்ப நான் கேக்கறேன். வர்றியா, டீச்சர்?"

அந்த ஒரு மாதத்தில் அவன் அவளை அப்படிக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

உடனே சரி என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. ஆனால் முன்வரிசையில் எழுதாமல் நிற்கிற அந்தப் பேனா நினைவுக்கு வந்தது. "தெரியலை. இது சும்மா சொல்றதில்லை. நிஜமாவே தெரியலை. அந்தப் பசங்களுக்கு வருஷப் பரீட்சை முடியாம நான் அசைய முடியாது. அதுக்கு அப்புறம் அந்த ஊர்ல எனக்கு வேலை கிடைக்குமா, பார்க்கணும். யோசிக்கணும். ஆனா தினம் கேளுங்க. கேக்காம மட்டும் இருக்காதீங்க."

"தினம் 'தெரியலை'ன்னே சொன்னா?"

"அப்பவும் கேளுங்க."

கடை முன்பக்கத்திலிருந்து முதலாளி, "என்னப்பா, வண்டிக்கு நேரமாகலையா?" என்று குரல் கொடுத்தார். அவன் பதறிக்கொண்டு புதுத் திருகு ஒன்றை எடுத்து முடுக்கினான். அவள் முகத்தில் கண்ணாடியை மாட்டி, இரண்டு காதுப் பக்கமும் விரலால் தொட்டுப் பார்த்து, மூக்கிலிருந்த சாக்பீஸைத் துடைத்துவிட்டான். அறை வந்தது. அவன் வந்தான். கண் சிவந்திருந்தது.

"இப்ப சரியா இருக்கா?"

"இடது பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு."

"ஸ்டேஷன்ல சரிபண்றேன். நேரமில்லை."

ஸ்டேஷனுக்கு வருகிறாயா என்று அவன் கேட்கவில்லை. அவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவன் பெட்டியைத் தூக்கினான், அவள் மஞ்சள் முக்கோணங்களை அள்ளிப் பைக்குள் போட்டாள். இருவரும் கிட்டத்தட்ட ஓடினார்கள். ஒரு மாதப் பேச்சு முழுக்கப் பாக்கி இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். "நீ சொல்லு." "இல்ல, நீங்க சொல்லுங்க." சிக்னலில் மறுபடி மாட்டிக்கொண்டார்கள். அவள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள்.

"அந்த ரூம் வேண்டாம்" என்றாள். "ரெண்டு மேசை போடற மாதிரி இடம் பாருங்க."

அவன் சட்டென்று நின்று அவளைப் பார்த்தான். பின்னால் வந்தவர் பெட்டியில் மோதிக்கொண்டார்.

"வரேன்னு சொல்லலை" என்றாள் அவள், பச்சை விளக்கு விழுந்ததும் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே. "மேசையைப் பத்தித்தான் சொல்றேன்."